தேறினவர்கள் யார்? – வாசகர் கேள்வி பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் மூன்று, ஆவிக்குரிய வளர்ச்சி என்ற ஒரே பொருளைப் பற்றியவை என்பதால் அவற்றுக்கு மட்டும் இந்த இதழில் பதில் எழுதுகிறேன். எழுதியவர்களின் பெயர்களும் தேயிலைத் தோட்டங்களின் பெயர்களும் தவிர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: நான் கொழுந்து பறிக்கும் தொழிலாளி. ஞானஸ்நானம் பெற்றுப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. காலையில் பிரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு)ப் போகுமுன் ஜெபிக்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் உபவாசம் இருக்கிறேன். ஆனாலும் பக்கத்து வீட்டு அக்காவோடு தண்ணீர்க் குழாயடியில் சண்டை வந்த பிறகு, சுவருக்கு அப்பால் அவருடைய குரல் கேட்டாலே என் மனம் கொதிக்கிறது. ஆவியானவரால் அறியாத மொழியில் பேசும் அந்நிய பாஷை வரம் கிடைக்காததால்தான் நான் இன்னும் குழந்தையாகவே இருக்கிறேன் என்று சபையில் ஒரு சகோதரி சொல்கிறார். அது உண்மையா?
– ஒரு வாசகி, பொகவந்தலாவை

பதில்: சகோதரி, அந்நிய பாஷையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கொரிந்து சபையாருக்கு எந்த வரத்திலும் குறைவில்லை என்று பவுல் தம் முதலாம் நிருபத்தின் தொடக்கத்திலேயே எழுதுகிறார். அந்நிய பாஷை பேசுகிறவர்கள் அங்கே பலர் இருந்தார்கள். ஆராதனையில் ஒழுங்கு வேண்டும் என்று ஓர் அதிகாரம் முழுவதும் அவர் எழுத வேண்டிய அளவுக்கு இருந்தார்கள். ஆனால் அதே சபையாரைத்தான் மூன்றாம் அதிகாரத்தில் அவர் குழந்தைகள் என்கிறார். உங்களுக்குப் பாலைத்தான் கொடுத்தேன், பலமான உணவைத் தாங்க உங்களால் முடியவில்லை என்கிறார். அதற்கு அவர் காட்டும் ஆதாரம், அவர்களுக்குள் இருந்த பொறாமையும் வாக்குவாதமும், நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன் என்று கட்சி கட்டிக்கொண்டு நின்றதுமே. வரம், அதைக் கொடுத்தவருடைய தாராளத்தைக் காட்டுமே தவிர, பெற்றவர் எவ்வளவு வளர்ந்திருக்கிறார் என்பதைக் காட்டாது. அந்த வரத்தை நான் இகழவில்லை, பவுலும் இகழவில்லை. அதை அளவுகோலாக வைத்து ஒருவரைக் குழந்தை என்று சொல்வதற்கு வேதத்தில் இடமில்லை.

நீங்கள் உண்மையில் கவலைப்பட வேண்டியது குழாயடியைப் பற்றித்தான். அதை நீங்களே கண்டுகொண்டிருக்கிறீர்கள். 10க்கு 12 அடி அறையில், இருமினால் அடுத்த வீட்டில் கேட்கும் ஒற்றைச் சுவருக்கு இப்பால், வரிசையில் நின்று தண்ணீர் பிடிக்க வேண்டிய லயத்தில் (தோட்டத்துத் தொடர் வீடுகளில்) வாழ்கிற ஒருவருக்கு, மனத்தாங்கலை ஆறப்போட இடமும் இல்லை, நேரமும் இல்லை. தனி வீட்டில், தனி அறையில், கதவைச் சாத்திக்கொண்டு அமைதியாக இருப்பவர் தம்மைப் பொறுமைசாலி என்று எண்ணிக்கொள்ளலாம். அவருடைய பொறுமையைச் சோதிக்க அங்கே ஆள் இல்லை. உங்களுக்கோ சோதனை தினமும் காலை ஐந்து மணிக்கே குடத்தோடு வந்து நிற்கிறது. அதனால் உங்கள் மனம் கொதிப்பதை வைத்து, மற்றவர்களைவிட நீங்கள் குறைந்தவர் என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் ஐந்தாம் அதிகாரம், பலமான ஆகாரம் யாருக்கு உரியது என்று சொல்லும்போது, பயிற்சியினால் நன்மை தீமையைப் பகுத்தறியப் பழகினவர்களுக்கே உரியது என்கிறது. இதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. புதிதாகப் பேர் பதிந்த பிள்ளை ஒவ்வொரு கிளையையும் உற்றுப் பார்த்து, இரண்டு இலையும் மொட்டும் எது, முற்றின இலை எது என்று தேடித் தேடிப் பறிக்கிறாள். பல பருவங்கள் மலையில் நின்ற உங்களுடைய விரல்களோ, பேச்சு வேறெங்கோ இருக்கும்போதும் கொழுந்தை மட்டும் எடுத்து முற்றினதை விட்டுவிடுகின்றன. அந்தப் பழக்கம் உபதேசத்தைக் கேட்டு வந்ததா? கையால் பறித்துப் பறித்து வந்தது. நிறுக்கிற இடத்தில் முற்றல் இலை அதிகம் என்று திட்டு வாங்கி வந்தது. எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்று நாவும் அவ்வாறேதான் பழக வேண்டும். பேச்சிலே தவறாதவனே பூரண புருஷன் என்று யாக்கோபு எழுதுவதும் இதனால்தான்.

ஆகவே உபவாச நாள்களைக் கூட்டும்படி நான் சொல்லமாட்டேன். நாளைக் காலையில் குழாயடியில், “அக்கா, நீங்க மொதல்ல புடிங்க” என்று ஒரு சொல் சொல்லிப் பாருங்கள். மனம் அப்போதும் கொதிக்கலாம், கொதித்தாலும் சொல்லுங்கள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால், அதற்காக மறுநாள் அதை நிறுத்திவிடாதீர்கள். காணிக்கையைப் பலிபீடத்தின் முன்பு வைத்துவிட்டு, முதலில் போய் உன் சகோதரனோடு ஒப்புரவாகு என்று நம் ஆண்டவர் சொன்னார்; காணிக்கையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடு என்று சொல்லவில்லை, ஆகவே ஒப்புரவாகும் வரை ஜெபத்தை விட்டுவிட வேண்டும் என்றும் எண்ணவேண்டாம்.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்லவேண்டும். மன்னிப்பது என்பது அநியாயத்தை வாய்மூடித் தாங்குவது அன்று. உங்கள் முறைக்கு உரிய தண்ணீரை அவர் தொடர்ந்து மறித்தால், தோட்டத் தலைவரிடம் அதை நிதானமாக எடுத்துச் சொல்வதில் பாவமில்லை. பவுலே தமக்கு நியாயம் கிடைக்காதபோது இராயனுக்கு, அதாவது ரோமப் பேரரசனுக்கு, அபயமிட்டு முறையிட்டார். பொறுத்துப்போ என்ற உபதேசத்தை உழைக்கும் மக்களுக்கு மட்டும் அளவுக்கு மீறிச் செய்துவந்திருக்கிறோம் என்பது என் வருத்தம்.

கேள்வி: தலவாக்கலை என் ஊர். கொழும்புப் புறக்கோட்டையில் ஒரு கடையில் வேலை செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மாலையில்தான் ஓய்வு. அதனால் ஆலயத்துக்குப் போவதில்லை. ஆனால் தினமும் தொலைபேசியில் இரண்டு மூன்று பிரசங்கங்கள் கேட்கிறேன். ஊரில் உள்ளவர்களைவிட எனக்கு இப்போது வேதம் நன்றாகத் தெரியும். இது வளர்ச்சிதானே?
– ஒரு வாசகர், கொழும்பு

பதில்: தம்பி, உங்கள் ஆர்வத்தைக் கண்டு மகிழ்கிறேன். அறிவு வளர்ந்திருக்கிறது என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் எபேசியர் நான்காம் அதிகாரம் வளர்ச்சியைப் பற்றிச் சொல்லும்போது ஓர் ஆளின் வளர்ச்சியைச் சொல்லாமல், கணுக்களால் இசைத்து இணைக்கப்பட்ட முழுச் சரீரத்தின் வளர்ச்சியைச் சொல்கிறது. தொலைபேசியில் பிரசங்கிப்பவருக்கு உங்களைத் தெரியாது. நீங்கள் முதலாளியிடம் பொய் சொன்னீர்களா, வீட்டுக்குப் பணம் அனுப்பினீர்களா என்று அவர் கேட்கமாட்டார். 1854ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளருக்கென்று ஆங்கிலிக்கன் மிஷன் பணி தொடங்கப்பட்டபோது, உபதேசியார்கள் தோட்டம் தோட்டமாக நடந்துபோய்த்தான் கற்பித்தார்கள். நம் முன்னோருக்கு வாசிக்கத் தெரிந்தது குறைவு. ஆனால் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிந்த ஒருவர் அவர்களுக்கு எதிரே அமர்ந்திருந்தார்.

ஞாயிறு மாலைத் தமிழ் ஆராதனை நடக்கும் ஆலயங்கள் கொழும்பில் உண்டு. ஒன்றைத் தேடிப்பிடித்து, அங்கே உங்களை முகம் தெரிந்தவராக ஆக்கிக்கொள்ளுங்கள். பிரசங்கங்களை நாளுக்கு ஒன்றாகக் குறைத்து, கேட்டவற்றில் ஒன்றையாவது அன்றே செய்யுங்கள்.

கேள்வி: நான் ஆசிரியை. என் தந்தை சபை மூப்பர். அவர் ஜெபித்தால் கேட்பவர்கள் கண்ணீர் விடுவார்கள். எங்கள் சபையைச் சேர்ந்த, நல்ல விசுவாசியான ஒருவர் என்னைப் பெண் கேட்டபோது, சாதியைக் காரணம் காட்டி மறுத்துவிட்டார். என் தந்தையை ஆவிக்குரிய முதிர்ச்சி உடையவர் என்று இனி நான் எப்படி நம்புவது?
– ஒரு வாசகி, பதுளை

பதில்: மகளே, உங்கள் கடிதத்தைப் பலமுறை வாசித்தேன். உங்கள் தந்தையின் ஜெபம் பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஒருவர் ஒரு பக்கத்தில் நன்றாக வளர்ந்து இன்னொரு பக்கத்தில் வளராமலே நின்றுவிடுவது உண்டு. அப்போஸ்தலர்களிலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது.

பேதுருவை எடுத்துக்கொள்ளுங்கள். யோப்பாவில் தரிசனம் கண்டவர், புறஜாதியானாகிய, அதாவது யூதரல்லாத, கொர்நேலியுவின் வீட்டுக்குள் போனவர், எருசலேமில் அதற்காகக் குற்றஞ்சாட்டப்பட்டபோது நடந்ததை வரிசையாக விவரித்துப் பதில் சொன்னவர். அப்படிப்பட்டவரும் அந்தியோகியாவில் புறஜாதி விசுவாசிகளோடு ஒன்றாக உண்டுகொண்டிருந்துவிட்டு, எருசலேம் சபையிலிருந்த யாக்கோபினிடத்திலிருந்து யூதர் சிலர் வந்ததும் பந்தியிலிருந்து விலகிக்கொண்டார் என்று கலாத்தியர் இரண்டாம் அதிகாரம் சொல்கிறது. அவருக்கு உபதேசம் தெரியாமல் இல்லை, வந்தவர்களுக்குப் பயந்தார். அவரைப் பார்த்து மற்ற யூதரும் விலகினார்கள், பர்னபாவும்கூட இழுபட்டுப்போனார். பவுல் எல்லாருக்கும் முன்பாகப் பேதுருவைக் கண்டித்தார்.

உங்கள் தந்தையின் மனத்திலும் சாதியைவிடச் சொந்தக்காரர்களைப் பற்றிய பயமே பெரிதாக இருக்கக்கூடும். தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த மேற்பார்வையாளர்களாகிய பெரிய கங்காணிமார் தங்கள் ஊரிலிருந்தும் உறவிலிருந்தும் ஆட்களைத் திரட்டிக்கொண்டு கடல் கடந்து வந்தபோது சாதியும் கூடவே வந்தது. பல தோட்டங்களில் எந்த லயத்தில் யார் குடியிருப்பது என்பதைக்கூட அது தீர்மானித்தது. அதே லயங்களிலிருந்துதான் நம் சபைகளும் எழும்பின. இதற்குப் போதகர்களாகிய நாங்களும் பொறுப்பாளிகள். குடியைப் பற்றி ஓயாமல் பிரசங்கிக்கிறோம். சாதியைப் பற்றிப் பேச வேண்டிய இடங்களில் பொதுவாக அன்பு என்று சொல்லிக் கடந்துபோகிறோம். மூப்பர்களைத் தெரிந்தெடுக்கும்போதும், ஜெபிக்கிறவரா, பாடுகிறவரா, காணிக்கை கொடுக்கிறவரா என்று பார்க்கிறோம். தீமோத்தேயுவுக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில் சபையின் பொறுப்பிலிருப்பவர்களுக்குச் சொல்லப்பட்ட தகுதிகளில் பெரும்பாலானவை, அவர் தம் வீட்டிலும் ஊரிலும் எப்படி நடந்துகொள்கிறார் என்பதைப் பற்றியவை. நற்கருணை மேசையில் ஒரே பாத்திரத்தில் பானம் பண்ணுகிறவர்கள் சம்பந்தம் செய்ய மறுப்பதைச் சிறிய குறை என்று என்னால் எழுத முடியாது. கிறிஸ்துவுக்குள் யூதனென்றும் கிரேக்கனென்றும் இல்லை என்று எழுதப்பட்டது நம் வீட்டுத் திருமணங்களுக்கும் சேர்த்துத்தான்.

இனி நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பவுல் பேதுருவைச் சபை நடுவே கண்டித்தார் என்பதற்காக நீங்களும் உங்கள் தந்தையைச் சபை நடுவே கேட்க வேண்டியதில்லை. பேதுரு செய்தது வெளிப்படையான செயல்; அது சபையையே இழுத்துக்கொண்டு போயிற்று. உங்கள் தந்தையின் மறுப்பு இன்னும் வீட்டுக்குள்ளேதான் இருக்கிறது. ஆகையால் மத்தேயு பதினெட்டாம் அதிகாரம் காட்டும் வழியில், முதலில் அவரோடு தனியாகப் பேசுங்கள். கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தை அவரையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்; வாசித்து முடித்ததும், “அப்பா, இதுல நீங்க யாரு பக்கம்?” என்று மட்டும் கேளுங்கள். அவர் கோபப்பட்டால் திருப்பிப் பேசாமல், சில நாள்கள் கழித்து மறுபடியும் கேளுங்கள். அன்புடன் சத்தியத்தைக் கைக்கொள்வது என்று எபேசியர் நிருபம் சொல்வது இவ்வளவு கடினமான காரியத்தைத்தான். உங்களுடைய முதிர்ச்சியும் இதில்தான் சோதிக்கப்படுகிறது.

அவர் மாறமாட்டார் என்று நம்பிக்கை இழக்கவேண்டாம். பேதுருவின் இரண்டாம் நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் பவுலைப் பற்றி நமக்குப் பிரியமான சகோதரன் என்றுதான் எழுதப்பட்டிருக்கிறது. அந்தியோகியாவில் பட்ட கண்டனம் அந்த உறவை முறிக்கவில்லை. கிருபையிலும் அறிவிலும் வளருங்கள் என்ற வசனமும் அதே அதிகாரத்தில்தான் வருகிறது.

தனியாகப் பேசியும் பயனில்லை என்றால், உங்கள் தந்தை மதிக்கிற மூப்பர் ஒருவரையும் போதகரையும் அழைத்துச் செல்லுங்கள். நீங்கள் வயது வந்தவர், உழைக்கிறவர். இறுதி முடிவு உங்களுடையது, அந்த முடிவில் சபை உங்களோடு நிற்கவேண்டும். போதகர் தயங்கினால், இந்தப் பதிலை அவரிடம் காட்டுங்கள். அவர் விரும்பினால் நான் நேரில் வந்து உங்கள் தந்தையோடு பேசவும் ஆயத்தமாக இருக்கிறேன்.