பவுண்டரி வாட்டர்ஸில் கனோ பயணம்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தின் வட கோடியில், கனடா எல்லையை ஒட்டிக் கிடக்கும் சுப்பீரியர் தேசிய வனத்தைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். பாதிக்கு மேல் கேள்விகள் அதன் உள்ளே இருக்கும் பவுண்டரி வாட்டர்ஸ் என்ற ஏரிக்காட்டைப் பற்றித்தான்: சுமார் 11 லட்சம் ஏக்கர், ஆயிரத்துக்கும் அதிகமான ஏரிகள், பெரும்பாலானவற்றில் மோட்டார் படகுக்கு அனுமதியே கிடையாது, கனோ என்கிற ஒடுக்கமான துடுப்புப் படகில்தான் சுற்ற வேண்டும்.

அண்ணா, எனக்கு நீச்சல் தெரியாது. கரடி பயமும் இருக்கிறது. வரலாமா?

வரலாம். ஆனால் நீங்கள் பயப்பட வேண்டியது கரடிக்கு அல்ல, குளிர்ந்த தண்ணீருக்கு. ஏப்ரல் கடைசி அல்லது மே முதலில்தான் ஏரிகளில் பனிக்கட்டி உருகும், அதற்குப் பிறகும் சில வாரங்களுக்குத் தண்ணீர் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழேயே இருக்கும், அந்தக் குளிரில் திடீரென்று விழுந்தால் உடம்பு தன்னையறியாமல் மூச்சை இழுக்கும், தலை தண்ணீருக்குள் இருந்தால் இழுப்பது தண்ணீரைத்தான். நன்றாக நீந்துகிறவர்களுக்கும் கைகால் சீக்கிரம் மரத்துப்போகும். அதனால் லைஃப் ஜாக்கெட்டைப் படகில் போட்டு வைத்தால் போதாது, போட்டுக்கொண்டே உட்காருங்கள். கரையோரமாகவே போங்கள். பெரிய ஏரிகளில் மதியத்துக்கு மேல் காற்று கிளம்பிவிடும், விடியற்காலையில் கடந்துவிடுவது நல்லது. காற்று அடித்தால் கூடாரத்திலேயே இருங்கள், ஒரு நாள் போனால் போகட்டும்.

கரடிக்கு வருவோம். அங்கே இருப்பது கருங்கரடி, அது தேடுவது உங்கள் சாப்பாட்டை. உணவு மூட்டையைத் தரையிலிருந்து குறைந்தது 12 அடி உயரத்தில், மரத்தண்டிலிருந்து 6 அடி தள்ளிக் கட்டித் தொங்கவிடுங்கள், இல்லையென்றால் கரடி திறக்க முடியாத டப்பாவை வாடகைக்கு எடுங்கள். பற்பசை, சோப்பு எல்லாம் அதே மூட்டைக்குள். கூடாரத்தில் ஒரு முறுக்குகூட வேண்டாம்.

பெர்மிட் எப்படி எடுப்பது?

இரவு தங்க எந்த மாதமாக இருந்தாலும் பெர்மிட் வேண்டும். மே 1 முதல் செப்டம்பர் 30 வரை ஒவ்வொரு நுழைவிடத்துக்கும் தினமும் இத்தனை குழுக்கள் என்று வரம்பு உண்டு. முன்பதிவு ஜனவரி கடைசியில் திறக்கும், பிரபலமான இடங்கள் வேகமாக நிரம்பிவிடும். பெரியவருக்கு 16 டாலர், முன்பதிவுக்குத் தனியாக 6 டாலர். ஒரு குழுவில் 9 பேர், 4 படகு, அதற்கு மேல் கிடையாது. மூன்று குடும்பம் சேர்ந்து பன்னிரண்டு பேராகப் போகத் திட்டம் போட்டிருப்பவர்கள் இப்போதே இரண்டாகப் பிரியுங்கள். பயணம் முழுக்க தனித்தனிக் குழுவாகவே இருக்க வேண்டும், ஒரே இடத்தில் கூடிச் சமைப்பதும் விதிமீறல்தான்.

போர்ட்டேஜ் என்கிறார்களே, ரொம்பக் கஷ்டமா?

ஒரு ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்குப் படகையும் மூட்டையையும் தோளில் சுமந்து போகும் காட்டுப் பாதைதான் அது. வரைபடத்தில் தூரத்தை ராட் என்ற அளவில் போட்டிருப்பார்கள். ஒரு ராட் பதினாறரை அடி, 320 ராட் சேர்ந்தால் ஒரு மைல். பொதுவாக ஒரே நடையில் எல்லாவற்றையும் கொண்டுபோக முடியாது, ஒரு சுமையை வைத்துவிட்டு, திரும்பி வந்து, மீதியை எடுத்துப் போக வேண்டும், எனவே 100 ராட் பாதை என்றால் நடப்பது 300 ராட். இதைக் கணக்கில் எடுக்காமல் நீளமான வழியைப் போட்டு இருட்டில் இடம் தேடி அலைகிறவர்கள் ஏராளம். முதல் தடவை இரண்டு ஏரி தாண்டினால் போதும், அங்கேயே கூடாரம் போட்டுச் சுற்றிப் பாருங்கள். கெவ்லார் என்ற எடை குறைந்த இழையில் செய்த படகு கிடைத்தால் காசைப் பார்க்காதீர்கள், 20 கிலோ சொச்சம்தான் வரும், அலுமினியம் 30 கிலோவைத் தாண்டும்.

சைவச் சாப்பாட்டுக்கு என்ன செய்வது? ஊறுகாய் எடுத்துப் போகலாமா?

தாராளமாக. ஆனால் கண்ணாடிப் பாட்டிலும் டின்னும் உள்ளே கொண்டுபோகக் கூடாது, பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள். புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, வறுத்த ரவை, அவல் எல்லாம் இந்தப் பயணத்துக்கென்றே செய்தவை மாதிரி, கனமும் இல்லை, கெடவும் கெடாது. ஏரித் தண்ணீரைக் கொதிக்க வைத்தோ வடிகட்டியோதான் குடிக்க வேண்டும், எவ்வளவு தெளிவாக இருந்தாலும் ஜியார்டியா என்ற வயிற்றுப்போக்குக் கிருமி இருக்கலாம். பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கரையிலிருந்து 150 அடி தள்ளிக் கொட்டுங்கள். தயவுசெய்து ஏரிக்குள் சோப்பு போடாதீர்கள், பலர் அதே தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள்.

கழிவறை? (கேட்க வெட்கமாக இருக்கிறது)

வெட்கமே வேண்டாம், அவசியமான கேள்வி. ஒவ்வொரு முகாமிடத்துக்கும் பின்னால் காட்டுக்குள் ஒரு உட்காரும் பெட்டி உண்டு. சுவரும் கூரையும் கிடையாது. பாதையில் ஒரு துண்டைத் தொங்கவிட்டால் ஆள் இருப்பதாக அர்த்தம் என்று குழுவில் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

ஐந்து வயதுக் குழந்தையோடு வரலாமா?

சாபில் ஏரி முகாமுக்குப் போங்கள் அக்கா. கார் கூடாரம் வரை வரும், பகலில் கனோ எடுத்துப் போய்விட்டு மாலையில் திரும்பலாம், பகல் பெர்மிட் இலவசம், அங்கேயே எழுதி எடுத்துக்கொள்ளலாம். படகில் 10 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் லைஃப் ஜாக்கெட் போட்டே ஆக வேண்டும் என்பது மினசோட்டா சட்டம். நடக்க ஆசைப்படும் பெரிய பிள்ளைகள் என்றால் ஈகிள் மலை. 2,301 அடி, மாநிலத்திலேயே உயரமான இடம், போய்வர சுமார் 7 மைல்.

எந்த மாதம் நல்லது?

ஜூனில் கருப்பு ஈயும் கொசுவும் பிடுங்கி எடுக்கும். ஆகஸ்ட் பிற்பாதி முதல் செப்டம்பர் நடுவரை என் தேர்வு. ஆகஸ்டில் பாறை மேடுகளில் காட்டு அவுரிநெல்லிப் பழம் மிச்சம் இருக்கும், கொசு குறைந்திருக்கும், இரவில் வானம் அவ்வளவு இருட்டு. கிளம்பும் முன் தீ மூட்டத் தடை இருக்கிறதா என்று வனத்துறையிடம் கேளுங்கள். 2011-இல் மின்னலில் தொடங்கிய பகாமி கிரீக் தீ 90,000 ஏக்கருக்கு மேல் எரித்தது, வறண்ட கோடையில் அங்கே யாரும் அதை மறப்பதில்லை.

குளிர்காலத்தில்?

வனத்தின் ஓரத்தில் இருக்கும் ஈலி ஊரில் வழிகாட்டியோடு நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டி கிடைக்கும், கன்ஃப்ளிண்ட் சாலைப் பக்கம் பனிச்சறுக்குப் பாதைகள் நன்றாக இருக்கும். பக்கத்து டவர் ஊரில் 1996 பிப்ரவரியில் மைனஸ் 51 டிகிரி செல்சியஸ் பதிவானது, எனவே முதல் குளிர்காலத்தில் கூடாரம் வேண்டாம், விடுதியில் தங்கிப் பகலில் மட்டும் சுற்றுங்கள்.