மைக்கை யாரிடம் கொடுக்கிறீர்கள்?

கேள்வி: எங்கள் கல்லூரி சமுதாய வானொலியில் பாலின அடையாளம் பற்றி அரை மணி நேர நேரலை வேண்டும் என்று மாணவர்கள் கேட்கிறார்கள். மனநல மருத்துவர், ஆன்மிகப் பேச்சாளர், வழக்கறிஞர் ஆகிய மூவரையும் அழைத்து, திருநங்கையர், ஓரினச் சேர்க்கையாளர் பிரச்சினைக்குத் தீர்வு கேட்கலாம் என்று இருக்கிறேன். குடும்பத்தோடு கேட்கும் வானொலி என்பதால் இரவு ஒன்பதரைக்கு வைத்தால் போதும்தானே? சமூகம் மாறிவிட்டது என்கிறார்களே, நம் நெல்லைச் சீமையில் மாறியிருக்கிறதா?
– வாசகர் ஒருவர், பாளையங்கோட்டை

பதில்: மூன்று நாற்காலி போட்டிருக்கிறீர்கள். யாரைப் பற்றிப் பேச்சோ, அவருக்கு ஒன்றுகூட இல்லை. நேரம் காலமெல்லாம் அப்புறம். முதலில் இதைத் திருத்துங்கள்.

வானொலி இந்தத் தவற்றை அறுபது ஆண்டுக்கு முன்பே செய்தாகிவிட்டது. 1962ல் நியூயார்க்கின் டபிள்யூ.பி.ஏ.ஐ. நிலையம் மனநல மருத்துவர்களை மட்டும் உட்கார வைத்து, தன்பாலீர்ப்பு ஒரு நோய், சிகிச்சையில் சரியாகிவிடும் என்று பேசவிட்டது. அதைக் கேட்டுக் கொதித்த ராண்டி விக்கர் என்ற இளைஞர் நேரே நிலையத்துக்குப் போய், எங்களுக்கும் நேரம் கொடுங்கள் என்று கேட்டார். அந்த ஜூலையிலேயே அவரும் இன்னும் ஏழு பேருமாக ஒன்றரை மணி நேரம் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே பேசினார்கள். உரிமத்தைப் புதுப்பிக்கக் கூடாது என்று புகார்கள் போயின. 1964ல் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் அவற்றைத் தள்ளிவிட்டு உரிமத்தைப் புதுப்பித்தது. தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து உலக சுகாதார நிறுவனம் நீக்கியதோ 1990ல்தான். மருத்துவ உலகம் வந்து சேருவதற்கு ரொம்ப முன்பே வானொலி அந்த இடத்துக்குப் போயிருந்தது. காரணம், ஒருவர் மைக்கைக் கேட்டு வாங்கினார்.

நம்மிடமும் ஒரு முன்மாதிரி உண்டு. வீட்டாருக்கு அஞ்சி மதுரையிலிருந்து சென்னைக்குப் போன இரண்டு பெண்களின் வழக்கு 2021ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தபோது, நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தனக்கு இந்த விஷயத்தில் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டறிந்த பிறகே உத்தரவு எழுதினார். நீதிபதியே முதலில் கேட்டுக்கொண்டார் என்றால், நிகழ்ச்சித் தொகுப்பாளர் கேட்டுக்கொள்வதில் ஒரு குறைவும் இல்லை.

அந்த உத்தரவு உங்கள் மருத்துவருக்கும் பொருந்தும். பாலீர்ப்பையோ பாலின அடையாளத்தையோ ‘மாற்றித் தருகிறேன்’ என்று சிகிச்சை செய்பவர்மீது நடவடிக்கை எடுக்கச் சொன்னது அது. அதன் தொடர்ச்சியாக 2022ல் தேசிய மருத்துவ ஆணையம் இப்படிப்பட்ட சிகிச்சையைத் தொழில் ஒழுங்குமீறல் என்று அறிவித்தது. ஆகவே ‘தீர்வு’ என்ற தலைப்பில் ஒரு மருத்துவரை உட்கார வைத்து, அவர் வாய் தவறி ‘சரிசெய்யலாம்’ என்றால், சிக்கல் அவருக்கு மட்டுமல்ல, நிலையத்துக்கும்தான். மருத்துவர் வேண்டுமென்றால் மூன்றாம், நான்காம் வாரத்தில் அழையுங்கள். பெற்றோரின் பதற்றத்தை எப்படிக் கையாள்வது என்று பேசட்டும். ஆன்மிகப் பேச்சாளரை எதற்கு அழைக்கிறீர்கள் என்று எனக்கு விளங்கவில்லை. விவாதத்தில் சூடு வேண்டும் என்பதற்காக என்றால், அந்தச் சூட்டில் வேகப்போவது கேட்டுக்கொண்டிருக்கும் ஏதோவொரு பதினேழு வயதுப் பிள்ளை.

அடுத்து, இரண்டு விஷயங்களை ஒரே அரை மணியில் அடைக்கிறீர்கள். திருநங்கை, திருநம்பி என்பது தான் யார் என்பது பற்றியது. தன்பாலீர்ப்பு என்பது யார்மேல் மனம் போகிறது என்பது பற்றியது. இடைபால் குழந்தைகளின் விஷயம் இன்னும் வேறு. அது பிறப்பில் உடலமைப்பு சார்ந்தது. மூன்றுக்கும் தனித்தனி நிகழ்ச்சி வையுங்கள். சட்டமும் மூன்றுக்கும் வேறுவேறு. திருநர்களின் பாலின அடையாளத்தை உச்ச நீதிமன்றம் ஏற்றது 15 ஏப்ரல் 2014ல். வயதுவந்தோரின் தன்பால் உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவின் பிடி தளர்ந்தது 6 செப்டம்பர் 2018ல். தன்பால் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு இல்லை என்று 17 அக்டோபர் 2023ல் தீர்ப்பு வந்துவிட்டது. உங்கள் வழக்கறிஞர் உற்சாகத்தில் ‘பதிவு செய்துகொள்ளலாம்’ என்று சொல்லிவிடக் கூடாது. இன்னொன்றையும் அவர் நினைவில் வைத்திருக்க வேண்டும். சமுதாய வானொலி சொந்தமாகச் செய்தி ஒலிபரப்பக் கூடாது. ஆகவே நேற்று நடந்த காவல் நிலையச் சம்பவம் வேண்டாம், சட்ட விளக்கம் போதும்.

‘நம்ம பக்கத்துப் பழக்கம் இல்லை’ என்று யாராவது சொன்னால், ஊர்க் கோயில் கொடை விழாவில் நடக்கும் கணியான் கூத்தில் பெண் வேடமிட்டு ஆடுபவர்களைச் சான்று காட்ட மாணவர்கள் ஆசைப்படுவார்கள். தடுத்துவிடுங்கள். அது அந்தக் கலைஞர்களின் தொழில், அவர்களுடைய மரபு. வேடத்தை வைத்து ஒருவரின் அடையாளத்தை நாமே தீர்மானிப்பது இரண்டு தரப்புக்கும் அநியாயம்.

இனி முக்கியமான விஷயம், குரலின் பாதுகாப்பு. உங்கள் நிலையத்தின் ஒலிபரப்புத் திறன் 100 வாட். சுற்றிலும் பத்து கிலோமீட்டர் கேட்டால் அதிகம். சேரன்மகாதேவிக்குப் போய்ச் சேராது. மத்திய அலையில் பல மாவட்டங்களுக்குப் போகும் திருநெல்வேலி வானொலியில் ஒரு குரல் கூட்டத்தில் கரைந்துவிடும். உங்கள் பத்து கிலோமீட்டருக்குள் அது இன்னார் மகன், இன்ன தெரு என்று மூன்றாவது வாக்கியத்திலேயே தெரிந்துவிடும்.

குரலை மென்பொருளில் தடிப்பாக்கிவிட்டால் போதும் என்று மாணவர்கள் சொல்வார்கள். போதாது. சுருதியை ஒரே அளவில் இறக்கினால், அதே அளவு ஏற்றி யாரும் பழைய குரலைக் கேட்டுவிடலாம். பேச்சின் நடையும் இழுப்பும் அப்படியேதான் இருக்கும். ‘வாப்பா’ என்று ஒரு சொல் வந்தால் மேலப்பாளையம் பக்கம் என்று யூகிப்பார்கள்; கொடை நடக்கும் மாதத்தைச் சொன்னால் ஊர் தெரிந்துவிடும். நல்ல வழி, அவர் பேசியதை எழுத்தாக்கி, அவரிடம் காட்டித் திருத்தி, வேறொருவரைப் பேசவைப்பது. வேறு குரல் என்பதைத் தொடக்கத்திலேயே அறிவித்துவிடுங்கள். பேசுபவரும் நெல்லைத் தமிழிலேயே பேசட்டும். புத்தகத் தமிழில் வாசித்தால் உயிர் போய்விடும். தெரு, பள்ளி, பஸ் வழித்தடம், அண்ணன் தம்பி எத்தனை பேர் என்பதையெல்லாம் எடுத்துவிடுங்கள்.

தன் குரலிலேயே பேச விரும்புபவர்களும் உண்டு. அது அவர்கள் உரிமை, மறைக்கச் சொல்லாதீர்கள். ஆனால் சம்மதத்தை மூன்று தடவை கேளுங்கள்: பதிவுக்கு முன், எடிட் செய்ததைப் போட்டுக் காட்டிய பின், இணையத்தில் ஏற்றுவதற்கு முன். மூன்றாவதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். பண்பலை தாழையூத்தோடு நின்றுவிடும், யூடியூப் தாராவியில் இருக்கும் சித்தப்பாவுக்கும் துபாயில் இருக்கும் மச்சானுக்கும் போகும்.

கல்லூரி வாசலில் காவலாளி வைத்திருக்கும் வருகைப் பதிவேட்டை நினைத்துப் பார்த்தீர்களா? பெயர், கைபேசி எண், யாரைப் பார்க்க என்று எழுதி வாங்குவார். ரகசியம் அங்கேயே முடிந்தது. அஞ்சுகிறவர்களை நிலையத்துக்கு வரச்சொல்லாமல் அவர்கள் சொல்லும் இடத்தில் பதிவு செய்யுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் சற்றே பக்கவாட்டில் வையுங்கள். நேரே வைத்தால் ‘ப’கரம் எல்லாம் வெடிக்கும். பேச்சு முடிந்ததும் அரை நிமிடம் யாரும் பேசாமல் அறையின் அமைதியைப் பதிவு செய்துகொள்ளுங்கள், வெட்டிய இடங்களை மூட அது வேண்டும். பின்னணியில் கோயில் மணியோ பாங்கோ பஸ் நடத்துனரின் குரலோ விழுந்திருக்கிறதா என்று ஹெட்போனில் ஒருமுறை முழுக்கக் கேளுங்கள். ஒலிபரப்பானதை மூன்று மாதம் காத்துவைக்க வேண்டும் என்பது அனுமதி விதி. எடிட் செய்யாத மூலப் பதிவுக்கு அது பொருந்தாது. பேசியவர் கேட்டால் அழித்துவிடுங்கள்.

அவர்களிடம் அறுவைச் சிகிச்சை பற்றியும் பழைய பெயர் பற்றியும் கேட்காதீர்கள். வாடகைக்கு வீடு கிடைத்த கதை, கடன் வாங்கிக் கறவை மாடு வாங்கியது, அம்மா மறுபடி பேச ஆரம்பித்தது என்று கேட்க எவ்வளவோ இருக்கிறது. திருநங்கை பேசும்போது கைதட்டல் ஒலி சேர்ப்பது, சோகப் புல்லாங்குழலை அடியில் ஓடவிடுவது இரண்டும் கூடாது.

நேரலை வேண்டாம். ஏழு விநாடித் தாமதக் கருவி உங்களிடம் இருக்காது. நேயர் ஒருவர் ‘எங்க தெருவுல இன்னாரு அப்படித்தான்’ என்று பெயரோடு சொல்லிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. கேள்விகளைக் குரல்பதிவாக வாட்ஸ்அப்பில் வாங்கி, தேர்ந்தெடுத்து, அடுத்த வாரம் பதில் கொடுங்கள்.

இரவு ஒன்பதரை என்பது ஒளித்து வைக்கும் நேரம். பகல் பதினொரு மணிக்கு வையுங்கள். அப்போதுதான் மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் பெண்கள் மடியில் முறத்தோடு பீடி சுற்றிக்கொண்டிருப்பார்கள். கை வேலையில் இருக்கும், காது சும்மா இருக்கும். முக்கூடல் உங்கள் எல்லைக்கு வெளியே. மேலப்பாளையம் உள்ளேதான் இருக்கிறது. பிள்ளைகளை வீட்டைவிட்டுத் துரத்துவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் அம்மாமார்கள் அவர்கள்தான். அவர்கள் கேட்காத நிகழ்ச்சியால் என்ன பயன்?

மாறியிருக்கிறதா என்றால், பாதி மாறியிருக்கிறது. 2018ல் தூத்துக்குடி சங்கரராமேசுவரர் கோயிலில் ஒரு திருநங்கைக்கும் ஓர் ஆணுக்கும் திருமணம் நடந்தது. பதிவாளர் மறுத்தார். 22 ஏப்ரல் 2019ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, இந்துத் திருமணச் சட்டத்தின் ‘மணமகள்’ திருநங்கையையும் குறிக்கும் என்று சொல்லிப் பதிவு செய்ய உத்தரவிட்டது. இடைபால் குழந்தைகளுக்கு அவசியமில்லாத பால் அறுவைச் சிகிச்சை கூடாது என்பதும் அதே தீர்ப்பில்தான். அந்த ஆகஸ்டில் தமிழக அரசு அதை அரசாணையாக்கியது. நாடு முழுக்கப் பேசப்பட்ட தீர்ப்பு நம் சீமையின் ஒரு கோயில் வாசலில் தொடங்கியது. மாறாத பாதி வீட்டுக்குள் இருக்கிறது. பெண்ணை விரும்பும் பெண்ணுக்கு அவசரமாக மாப்பிள்ளை பார்ப்பதும், கைபேசியைப் பிடுங்கி வீட்டில் அடைப்பதும் நின்றுவிடவில்லை. அவர்களைப் பற்றி ஊரில் யாரும் கேலிகூடப் பேசுவதில்லை, ஏனென்றால் அப்படி ஒருவர் இருப்பதையே ஏற்பதில்லை. உங்கள் தொடரில் அவர்களுக்கு ஒரு வாரம் கண்டிப்பாக ஒதுக்குங்கள்.

நிகழ்ச்சி முடிந்த பிறகு இரண்டு மணி நேரமாவது நிலையத் தொலைபேசியருகே பொறுமையான ஒருவர் இருக்க வேண்டும். முதல் அழைப்புகளில் பேசாமல் வைத்துவிடுவார்கள். எரிச்சல்படக் கூடாது, அந்த எண்ணைத் திரும்பக் கூப்பிடவும் கூடாது, எடுப்பது வீட்டில் வேறு யாராகவும் இருக்கலாம். மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416, இலவசச் சட்ட உதவிக்கு 15100, பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 1098. இசை ஓடாத இடத்தில், ஒவ்வொரு எண்ணையும் இரண்டு முறை, இலக்கம் இலக்கமாக நிறுத்திச் சொல்லுங்கள். ஒலிபரப்புக்கு முந்தின நாள் நீங்களே கூப்பிட்டு, தமிழில் ஆள் எடுக்கிறாரா என்று பார்த்துவிடுங்கள்.