ஒயர் அறுகிற இடம்

அன்புள்ள ஐயா,

சீனாவில் செய்த சரக்கில் தன் பெயரை ஒட்டி விற்றே இயர்போன் விற்கும் போட் (boAt) கம்பெனி இவ்வளவு வளர்ந்தது என்கிறான் என் மகன். அவ்வளவு சுலபம் என்றால் ஆளாளுக்குச் செய்திருப்பார்களே? இன்னொன்று. எங்கள் வீட்டில் வேறொரு கம்பெனி இயர்பட்ஸ் இருக்கிறது, இரண்டு வருடப் பழசு. இடது பக்கம் சார்ஜ் ஏறுவதில்லை. கடைக்காரர் "தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்க சார்" என்கிறார். வேறு வழியே இல்லையா?

எஸ்., ஓசூர்

அன்புள்ள எஸ்.,

கடைக்காரர் சொன்ன பதிலிலேயே உங்கள் முதல் கேள்விக்கும் பாதி விடை இருக்கிறது.

மகன் சொல்வது தப்பில்லை. ஆளாளுக்குச் செய்யவும் செய்தார்கள். ஆனால் எந்த இடத்தில் பொருள் கெடுகிறது என்று பார்த்துச் செய்தவர்கள் குறைவு. போட்டைத் தொடங்கிய அமன் குப்தாவும் சமீர் மேத்தாவும் 2013-இல் பதிந்த கம்பெனியின் பெயர் இமேஜின் மார்க்கெட்டிங். பாட்டு, சத்தத்துக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை பாருங்கள். குப்தா அதற்குமுன் ஸ்பீக்கர், ஹெட்போன் விற்கும் ஜேபிஎல்லின் தாய்க் கம்பெனி ஹார்மனில் விற்பனை பார்த்தவர். போட் பெயரில் முதலில் வந்தது இயர்போனே அல்ல, ஐபோனுக்கான சார்ஜிங் கேபிள்.

கேபிள் நடுவில் அறுகாது. வளைகிற ஒயர் கெட்டியான பிளக்குக்குள் நுழைகிற இடத்தில், அந்த இரண்டு சென்டிமீட்டரில்தான் எல்லா மடிப்பும் விழுகிறது. உள்ளே தலைமுடி போன்ற செம்புக் கம்பிகள் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டே வரும், மேலே ரப்பர் உரியும். மேலே நூல் பின்னி, கழுத்தில் நீளமான உறை வைத்தால் மடிப்பு பரவிவிடும். போட் விற்றது இந்தத் தீர்வைத்தான்.

இயர்போனிலும் இதே கதை. ஒரு பக்கம் பாட்டு வந்து வந்து போகிறதா? பாட்டை ஓடவிட்டு, போனில் செருகும் ஜாக் பக்கத்து ஒயரை லேசாக வளைத்துப் பாருங்கள். சத்தம் திரும்பினால் கோளாறு அங்கேதான். நான்கு சென்டிமீட்டர் வெட்டிவிட்டுப் புது ஜாக் போடலாம்: நுனியில் இடது, அடுத்த வளையம் வலது, அதற்கடுத்தது கிரவுண்ட் (எல்லாவற்றுக்கும் பொதுவான கம்பி), கடைசி மைக். கம்பிமேல் எனாமல் பூச்சு இருக்கும், அதைச் சூடான ஈயத்தில் தோய்த்து எரிக்காமல் பற்றவைத்தால் ஒட்டாது. பலர் தோற்பது இங்கேதான். ஆனால் ஐந்நூறு ரூபாய் இயர்போனுக்கு இதற்கெல்லாம் யார் உட்காருகிறார்கள்? புதுசு வாங்குகிறார்கள். அந்த ஐந்நூறு ரூபாய்க்காரரைத்தான் போட் பிடித்தது. அமேசான், பிளிப்கார்ட் வழியாக விற்பனை, காதுக்கு உடனே தெரிகிற கூடுதல் பேஸ், அதாவது தும் தும் என்கிற அடித்தொனி. பாடகர் குரல் அதில் கொஞ்சம் அமுங்கும். வாங்கியவர்கள் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

காலமும் கைகொடுத்தது. 2016-இல் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்தது. அதே வருடம் ஐபோன் 7-இல் ஜாக் செருகும் துளை போய்விட்டது, ஆப்பிளின் ஒயரில்லாத ஏர்பாட்ஸ் வந்தது. 2021 ஜனவரியில் வார்பர்க் பின்கஸ் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனம் போட்டில் 10 கோடி டாலர் முதலீடு செய்தது. 2020-21-இல் சுமார் 1,300 கோடி ரூபாயாக இருந்த வருவாய் இரண்டே வருடத்தில் 3,300 கோடியைத் தாண்டியது. அந்த 2022-23-இலேயே நூறு கோடிக்கு மேல் நஷ்டமும் வந்தது. 2022 ஜனவரியில் 2,000 கோடிக்குப் பங்கு வெளியிட மனுப் போட்டு, பிறகு திரும்பப் பெற்றார்கள்.

நஷ்டத்துக்குக் காரணம், மகன் சொன்னதுதான். ஒரே மாதிரி சிப், ஒரே மாதிரி டிரைவர் (சத்தம் எழுப்பும் குட்டி ஸ்பீக்கர்) யாருக்கும் கிடைக்கிறது என்றால் விலையை எவனும் இறக்கலாம். ஸ்மார்ட் வாட்சில் அதுதான் நடந்தது. மற்ற கம்பெனிகளுக்கு மின்னணுப் பொருள் செய்துதரும் டிக்சனோடு 2022-இல் கூட்டுச் சேர்ந்து இங்கேயே தயாரிக்கப் போனது நல்ல முடிவு. அந்த வருட பட்ஜெட்டும் இயர்பட்ஸ் மாதிரியான சாதனங்களை உள்நாட்டில் செய்வோருக்குத் தோதாகச் சுங்கவரியைப் படிப்படியாக அமைத்திருந்தது.

இனி உங்கள் இடது பட்ஸ். இதில் ஒயர் இல்லை, அதனால் கெடுகிற இடம் சார்ஜ் ஏற்றும் பின்களுக்கும் பேட்டரிக்கும் மாறியிருக்கிறது. பட்ஸை வைத்து சார்ஜ் ஏற்றும் டப்பா, அதாவது கேஸ், அதன் குழியில் இருக்கும் ஸ்பிரிங் பின்களையும் பட்ஸின் அடியில் உள்ள புள்ளிகளையும் பாருங்கள். வியர்வை உப்பு பச்சையாகவோ கறுப்பாகவோ படிந்திருக்கும். பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரே ஒரு சொட்டு விட்டுத் துடையுங்கள். உப்புத்தாளால் தேய்த்தால் தங்கமுலாம் போய், பிறகு வாரத்துக்கு ஒருமுறை கறுக்கும். பின்களைக் குச்சியால் அழுத்தி, மேலே துள்ளி வருகிறதா என்றும் பாருங்கள். துள்ளாத பின் பட்ஸைத் தொடாது.

இதற்கும் ஏறவில்லை என்றால், மாதக்கணக்கில் டிராயரில் கிடந்து பேட்டரி அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கலாம். கேஸை சார்ஜரில் மாட்டி, பட்ஸை உள்ளே வைத்து, பக்கத்திலேயே இருந்து மூன்று நான்கு மணி நேரம் விட்டுப் பாருங்கள். சூடானாலோ உப்பினாலோ உடனே கழற்றிவிடுங்கள். உள்ளே இருப்பது 40 மில்லிஆம்பியர்-மணி அளவிலான குட்டி லித்தியம் செல். உடலை ஒட்டிமூடியிருப்பதால், அதைத் திறந்து செல் மாற்றும் செலவு புது பட்ஸ் விலையை நெருங்கிவிடும். அப்போது மட்டும் கடைக்காரர் சொன்னதைக் கேளுங்கள்.