ஏசி குறைந்தால் நல்லதா, கூடினால் நல்லதா?

போன மாதம் இந்தப் பகுதியில் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பற்றி நாலு வரி எழுதினேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பதிப்புச் சண்டைதான். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டி ஆடும் கற்பனைச் சாகச விளையாட்டு இது. 1974இல் மூன்று சிறு புத்தகங்கள் அடங்கிய பெட்டியாக வந்தது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கியது. ஐம்பது வருஷத்தில் விதிகளை எத்தனையோ முறை மாற்றிவிட்டார்கள். சரி, கடிதங்களுக்கு வருவோம்.

மாமா கொடுத்த இரண்டாம் பதிப்புப் புத்தகத்தில் ஏசி 4 உள்ளவனை அடிப்பது ஏசி 6 உள்ளவனை அடிப்பதைவிடக் கஷ்டம் என்று போட்டிருக்கிறது. நண்பனுடைய ஐந்தாம் பதிப்பில் எல்லாம் தலைகீழ். அச்சுப்பிழையா? (கல்லூரி மாணவர், திருச்சி)

அச்சுப்பிழை இல்லை, தம்பி. ஏசி என்றதும் நமக்குக் குளிர்சாதனம்தான் ஞாபகம் வரும். அங்கே அது கவசத்தின் தரம். உங்கள் மாமாவின் பதிப்பில் கவசமே இல்லாதவனுக்கு 10. சங்கிலிக் கவசமும் கேடயமும் இருந்தால் 4. எண் இறங்க இறங்க ஆள் கெட்டி. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பு இதோடு ‘தேக்கோ’ என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டது. ஏசி பூஜ்யம் உள்ளவனை அடிக்க இருபது முகப் பகடையில் என்ன விழவேண்டும் என்ற எண் அது. உங்கள் வீரனுக்குத் தேக்கோ 18, எதிரிக்கு ஏசி 4 என்றால் கழித்துப் பாருங்கள்: 14 விழவேண்டும்.

2000இல் வந்த மூன்றாம் பதிப்பு இந்தத் தராசைத் திருப்பிப் போட்டது. அதே எதிரிக்கு ஏசி 16, அதே வீரனுக்குத் தாக்குதல் +2. பகடையோடு 2ஐக் கூட்டி 16 வரவேண்டும். அதாவது பகடையில் 14! கணக்கு மாறவே இல்லை. கழித்தல் போய்க் கூட்டல் வந்தது, அவ்வளவுதான்.

அந்த ‘அவ்வளவுதான்’ எவ்வளவு பெரிய விஷயம் என்பது மேசையில் உட்கார்ந்தவனுக்குத்தான் தெரியும். தொண்ணூறுகளின் கடைசியில் நான் அமெரிக்காவில், மில்வாக்கியில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குழுவில் ஒருவருக்கு +1 மந்திரக் கேடயம் கிடைத்தது. ஏசி 4 இனிமேல் 5 என்று எழுதிவிட்டார். 3 என்று எழுதியிருக்க வேண்டும். மூன்று வாரம் மந்திரக் கேடயத்தைத் தூக்கிக்கொண்டு முன்னைவிட அதிகமாக அடி வாங்கினார். இத்தனைக்கும் அவர் இயற்பியல் ஆராய்ச்சி மாணவர். மூன்றாம் பதிப்பு 2000 ஆகஸ்டில் எங்கள் ஊரில் நடந்த ஜென் கான் என்ற விளையாட்டு விழாவில்தான் வெளியானது. ஆட்டக்காரர் கையேடு 19 டாலர் 95 சென்ட். அதை வாங்கியதும் அவர் முதலில் திருப்பியது ஏசி இருக்கும் பக்கத்தைத்தான்.

பழைய பதிப்பில் என் மந்திரவாதி முதல் சண்டையிலேயே செத்துவிட்டான். டிஎம் என்மேல் கோபமாக இருந்தாரா? (வாசகி, பெங்களூரு)

டிஎம் என்றால் ஆட்டத்தை நடத்துபவர், கதையும் எதிரிகளும் அவர் பொறுப்பு. பாவம், அவரை விட்டுவிடுங்கள். இரண்டாம் பதிப்பில் முதல் லெவல் மந்திரவாதியின் உயிர்ப் புள்ளி, நாலு முகப் பகடையை ஒரு தடவை உருட்டி வருவது. எனக்கு 2 விழுந்தது. கையில் ஒரே ஒரு மந்திரம். நான் எடுத்தது தூக்க மந்திரம். நாலு கோபோல்ட்கள் (குட்டி அரக்கர்கள்) தூங்கின. சபாஷ் என்று தட்டிக்கொடுத்தார்கள். அடுத்த அறையில் ஐந்தாவது கோபோல்ட் நின்றிருந்தது. நான் குத்துவாளோடு நின்றேன். அதன் ஈட்டி மூன்று புள்ளி எடுத்தது. பூஜ்யத்துக்குப் போனால் சாவு என்பதுதான் அங்கே அடிப்படை விதி. மைனஸ் பத்து வரை இழுத்துக்கொண்டு கிடக்கலாம் என்பது டிஎம் விரும்பினால் தரும் சலுகை. எங்கள் டிஎம் விரும்பவில்லை.

2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் அதே மந்திரவாதிக்குத் தொடக்கத்திலேயே ஆறு புள்ளி, அதோடு உடல்திடத்துக்கான கூட்டல். பெரிய மந்திரம் இரண்டு போடலாம். அது தீர்ந்தாலும் நெருப்புத் துண்டு போன்ற சின்ன மந்திரங்களை நாள் முழுக்க வீசிக்கொண்டே இருக்கலாம். பூஜ்யத்தில் விழுந்தாலும் உடனே சாவில்லை. முறைக்கு முறை பகடை உருட்டுவீர்கள். பத்தோ அதற்கு மேலோ மூன்று தடவை வந்தால் பிழைப்பு, மூன்று தடவை தவறினால் போச்சு.

எனக்கு இதில் எது பிடிக்கும் என்றால், பழசு. என் மனைவிக்குப் புதுசு. அந்த இரண்டு புள்ளி மந்திரவாதியின் பெயர் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது என்பதுதான் என் வாதம். செத்தவன் பெயரை ஞாபகம் வைத்து என்ன பிரயோஜனம் என்பது அவருடைய வாதம்.

எங்கள் டிஎம் 1981 பேசிக் (தொடக்கநிலை) விதிகளில் ஆட்டம் நடத்துகிறார். ஓர்க் என்ற அரக்கனைக் கொன்றால் வெறும் 10 அனுபவப் புள்ளி. கஞ்சத்தனமாக இல்லையா? (வாசகர், சிங்கப்பூர்)

இந்த மாதத்தின் நல்ல கேள்வி உங்களுடையதுதான். அந்த 10ஐயும் பங்குபோட்டுத்தானே கொடுப்பார்? ஃபைட்டர், அதாவது சண்டை வீரன், இரண்டாம் லெவலுக்குப் போக 2000 புள்ளி வேண்டும். ஓர்க்குகளைக் கொன்றே அங்கே போகவேண்டும் என்றால் ஆளுக்கு இருநூறு ஓர்க். அதற்குள் யார் உயிரோடு இருக்கப் போகிறார்கள்?

ஆனால் அதே புத்தகத்தில் இன்னொரு வரி இருக்கிறது: வெளியே கொண்டுவரும் ஒவ்வொரு பொற்காசுக்கும் ஒரு புள்ளி. ஓர்க்குகள் தூங்கும்போது 500 காசுப் பெட்டியைச் சத்தமில்லாமல் கிளப்பிக்கொண்டு வந்தால் 500 புள்ளி. ஒருவர்மேலும் கை வைக்கவேண்டாம். நான் பார்த்தவரை பேசிக் ஆடும் குழுக்கள் கதவில் காது வைத்துக் கேட்கும், லஞ்சம் கொடுக்கும், பின்பக்கமாகக் கயிறு கட்டி இறங்கும், ஓடும். ரொம்ப ஓடும்.

2014 பதிப்பில் ஒரு ஓர்க்குக்கு 100 புள்ளி. இரண்டாம் லெவலுக்கு வேண்டியதோ 300தான். காசுக்குப் புள்ளி கிடையாது. அதே குழுவை அங்கே உட்காரவையுங்கள், கதவை உதைத்துத் திறந்துகொண்டு போவார்கள். ஆட்கள் மாறவில்லை, கூலி மாறிவிட்டது. ஒரு பதிப்பைக் கையில் எடுத்தால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: எந்த வேலைக்கு இங்கே கூலி? அட்டைப்படம், மந்திரப் பட்டியல் எல்லாம் அப்புறம். உங்கள் டிஎம் கஞ்சர் இல்லை. நீங்கள்தான் தப்பான வேலை பார்க்கிறீர்கள்.

நான்காம் பதிப்பை ஏன் எல்லோரும் திட்டுகிறார்கள்? (வாசகர், மதுரை)

2008இல் வந்தது. மாய அம்பு என்றொரு மந்திரம் உண்டு. குறி தவறாது, போட்டால் பட்டே தீரும் என்பதுதான் பல வருஷமாக அதன் பெருமை. நான்காம் பதிப்பில் அதற்கும் பகடை உருட்டிப் பட்டதா இல்லையா என்று பார்க்க வைத்தார்கள். பழைய ஆட்களுக்கு அது குலதெய்வத்தை இடம் மாற்றிய மாதிரி ஆகிவிட்டது. 2010இல் பழையபடியே திருத்திவிட்டார்கள்.

எல்லா வகைப் பாத்திரத்துக்கும் எப்போதும் செய்வது, சண்டைக்கு ஒருமுறை, நாளுக்கு ஒருமுறை என்று ஒரே அச்சில் திறமைகள் கொடுத்ததும் பலருக்குப் பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்தது. கட்டம்போட்ட பலகையில் அதன் சண்டை மாதிரி வேறெந்தப் பதிப்பிலும் சுவாரசியமில்லை. சண்டை முடிய ஒன்றரை மணி நேரம் ஆகும், அதையும் சொல்லிவிடுகிறேன். திட்டிக்கொண்டே அதிலிருந்து எடுத்தும் கொண்டார்கள். பாதி உயிர் போனவனை ‘பிளடீட்’ என்று குறிக்கும் வழக்கம் அதில் வந்தது, ஐந்தாம் பதிப்பைத் திருத்தி வந்த 2024 புத்தகத்தில் திரும்பவும் இருக்கிறது.

பதின்மூன்று வயது மகள் கேட்கிறாள். எதை வாங்கித் தர? (தாய், கோவை)

முதலில் எதையும் வாங்காதீர்கள். ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகள் இணையத்தில் இலவசம். பகடைகள் மட்டும் வாங்குங்கள். நாலு முகத்திலிருந்து இருபது முகம் வரை ஒரு செட்.

ஏன் ஐந்து? மூன்றாம் பதிப்பில் வாளைச் சுழற்றுமுன் மேட்டில் நிற்பதற்கு +1, எதிரியை இருபுறம் மறித்ததற்கு +2, ஆசி மந்திரத்துக்கு +1 என்று கூட்டிக்கொண்டே போகவேண்டும். கால்குலேட்டர் வைத்துக்கொண்டு ஆடிய நண்பர் எனக்கு இருந்தார். ஐந்தில் இப்படிப்பட்ட பல இடங்களில் சாதகமான நிலை என்றால் இருபது முகப் பகடை இரண்டை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள், அவ்வளவே. 11 வேண்டிய இடத்தில் பாதிக்குப் பாதியாக இருந்த வாய்ப்பு முக்கால் ஆகிவிடும். இதைக் குழந்தைக்கு விளக்க அரை நிமிடம் போதும்.

2014 புத்தகம் இருக்கிறது. 2024ஐயும் வாங்கவேண்டுமா? (வாசகர், சேலம்)

ஓடுகிற ஆட்டம் முடியட்டும். பழைய சாகசங்களைப் புது விதியிலும் ஆடலாம். ஆனால் ஒரே மேசையில் இரண்டு கையேட்டையும் கலந்தால் வம்பு. காயம் ஆற்றும் மந்திரத்துக்கு ஒருவர் ஒரு எட்டு முகப் பகடை உருட்டுவார், புதுப் புத்தகம் வைத்திருப்பவர் இரண்டு உருட்டுவார். சாகிற நேரத்தில் அந்தச் சண்டை வேண்டுமா?

1981 விதிகளில் எல்ஃப் என்பது இனமா, தொழிலா? (வாசகர், கொழும்பு)

இரண்டும்தான். எல்ஃபாகப் பிறந்தாலே உத்தியோகம் உறுதி, வாளும் உண்டு மந்திரமும் உண்டு. ஆனால் ஃபைட்டர் 2000 புள்ளியில் ஏறும் இரண்டாம் லெவலுக்கு எல்ஃபுக்கு 4000 வேண்டும். பத்தாவது லெவலோடு பதவி உயர்வும் நின்றுவிடும்.