மூளையில் கால்சியம் படிந்திருக்கும்போது கால்சியம் மாத்திரை கொடுக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. இரண்டு வருடமாக வலிப்புக்கு ஃபெனிட்டாய்ன் சாப்பிடுகிறான். இப்போது சி.டி. ஸ்கேனில் மூளையின் இரு பக்கமும் கால்சியம் படிந்திருப்பதாகச் சொல்கிறார்கள். ரத்தத்தில் கால்சியம் 5.8, பாஸ்பரஸ் 8.6, பாராதைராய்டு ஹார்மோன் மிகக் குறைவு. அப்படியிருந்தும் டாக்டர் கால்சியம் மாத்திரை எழுதியிருக்கிறார். நிறுத்திவிடட்டுமா?

பதில்: தயவுசெய்து நிறுத்தாதீர்கள். படிந்தது மாத்திரையால் அல்ல. கழுத்திலுள்ள சிறு சுரப்பிகளிலிருந்து வரும் பாராதைராய்டு ஹார்மோன்தான் சிறுநீரகம் வழியாகப் பாஸ்பரஸை வெளியேற்றுகிறது. அது இல்லாததால் பாஸ்பரஸ் தேங்கி, கால்சியத்தோடு சேர்ந்து மூளையின் ஆழத்தில் படிகிறது. ரத்தத்திலோ கால்சியம் பற்றவில்லை. வலிப்பு அதனால்தான் வந்திருக்கும். நம் ஊரில் ஸ்கேனில் வெள்ளைப் புள்ளி தெரிந்தாலே நாடாப்புழுக் கட்டி என்று நினைப்பது வழக்கம். இரு பக்கமும் ஒரே மாதிரி படிந்திருந்தால் கால்சியம், பாஸ்பரஸ், மெக்னீசியம் மூன்றையும் பார்த்தே ஆக வேண்டும்.

கால்சியம் கார்பனேட்டைச் சாப்பாட்டோடு, ஒரு நாளைக்கு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். சாப்பாட்டிலுள்ள பாஸ்பரஸைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். வெறும் வயிற்றில் அந்தப் பலன் கிடைக்காது. அட்டையின் பின்பக்கத்தைப் பாருங்கள்: 1250 மி.கி. கார்பனேட்டில் உண்மையான கால்சியம் 500 மி.கி.தான். கூடவே கால்சிட்ரியால், அதாவது ஏற்கெனவே செயல்படும் வடிவில் உள்ள வைட்டமின் டி, தருவார்கள். வாரம் ஒருமுறை சாப்பிடும் சாதாரண வைட்டமின் டி பாக்கெட் அதற்கு ஈடாகாது. அந்த வைட்டமினைச் சிறுநீரகம் செயல்படும் வடிவத்துக்கு மாற்றவும் இதே ஹார்மோன் வேண்டும். பாலில் பாஸ்பரஸும் உண்டு, அதனால் மாத்திரைக்குப் பதிலாகப் பாலை நம்ப வேண்டாம். கோலா பானங்களைத் தவிர்க்கலாம்.

கால்சியத்தை 10-க்கு ஏற்ற நினைக்காதீர்கள். 8 முதல் 8.5 போதும். அதற்கு மேல் போனால் சிறுநீரில் கால்சியம் கொட்டி, சிறுநீரகத்தில் கல்லும் படிவும் வரும். 24 மணி நேரச் சிறுநீர்ப் பரிசோதனையில் கால்சியம் உடல் எடையில் கிலோவுக்கு 4 மி.கி.க்குள் இருக்க வேண்டும். வயிற்று ஸ்கேனும், கண்புரை இருக்கிறதா என்று கண் பரிசோதனையும் அவ்வப்போது செய்யுங்கள். அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல் வந்தால் கால்சியம் ஏறியிருக்கலாம்; உடனே ரத்தம் பாருங்கள்.

ஃபெனிட்டாய்ன் வைட்டமின் டியை வேகமாகச் சிதைக்கும். ஆனாலும் திடீரென நிறுத்தினால் வலிப்பு பெருகும். கால்சியம் சில மாதம் நிலையாக நின்றபின் நரம்பியல் டாக்டர் படிப்படியாகக் குறைப்பார்.

ஏற்கெனவே படிந்தது பெரும்பாலும் கரையாது, அறுவை சிகிச்சையும் தேவையில்லை. ரத்த அளவுகள் சீரானால் வலிப்பு அடங்க நல்ல வாய்ப்பிருக்கிறது.

வாந்தி, பேதி வந்து மாத்திரை தங்காத நாளில் காத்திருக்காதீர்கள். உதடு மரத்து, மணிக்கட்டு மடங்கி, விரல்கள் நீட்டியபடி கூம்பு போலக் குவிந்துகொண்டால், அல்லது மூச்சு இழுக்கும்போது தொண்டையில் சத்தம் வந்தால், நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், குழந்தைக்குப் பாராதைராய்டு குறைபாடு இருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.