சிறையில் இருந்துவிட்டு வந்த பெண் கன்னியாஸ்திரீ ஆக முடியுமா?

முடியும். பெத்தானியா டொமினிக்கன் சபை என்ற கத்தோலிக்கக் கன்னியாஸ்திரீகள் சபை தொடங்கியதே அதற்காகத்தான்.

1864-இல் பிரான்சில் போர்தோ நகருக்கு அருகிலுள்ள கடியாக் பெண்கள் சிறைக்குத் தியானப் பிரசங்கம் செய்யப் போனார் லதாஸ்த் என்ற இளம் குருவானவர். கைதிகளை ‘என் அன்புச் சகோதரிகளே’ என்று கூப்பிட்டார். தண்டனை முடிந்தாலும் ஊர் இவர்களைச் சேர்த்துக்கொள்ளாது என்று அவருக்குப் புரிந்தது. 1866-இல் சபையைத் தொடங்கினார்.

என்னை நெகிழவைப்பது அங்குள்ள ஒழுங்கு. சிறைக்குப் போனவருக்கும் போகாதவருக்கும் ஒரே உடை, ஒரே சாப்பாட்டு மேஜை. யாருடைய பழைய கதையையும் யாரும் கிளறுவதில்லை. கூட ஜெபிக்கிறவர் முன்னாள் கைதியா என்பது பக்கத்தில் இருப்பவருக்கே தெரியாது. அப்புறம், சிறைகளுக்குப் போய்க் கைதிகளைச் சந்திக்கும் பணியையும் இச்சகோதரிகள் விடவில்லை.