மூடிய ஆலை, மஞ்சள் கிணறு: யார்மீது, எங்கே வழக்கு?

கேள்வி: ராணிப்பேட்டையில் பல ஆண்டுகளுக்கு முன் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவுக் குவியலை ஒட்டி, அப்பா விட்டுச்சென்ற 80 சென்ட் நிலம் எனக்கு இருக்கிறது. மழை பெய்தால் கிணற்று நீர் மஞ்சளாகிறது. நஷ்டஈடு கேட்டு முன்சீப் கோர்ட்டுக்குப் போகலாமா? நிலத்தை விற்பதென்றால் தண்ணீர் விஷயத்தைச் சொல்லவே வேண்டாம் என்கிறார் தரகர்.

பதில்: முன்சீப் கோர்ட் வேண்டாம். தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டம், 2010-இன் 29-ஆவது பிரிவு அந்தக் கதவை மூடிவிட்டது. சென்னையில் உள்ள தென்மண்டல அமர்வில்தான் மனு போட வேண்டும். கட்டணம், கேட்கும் இழப்பீட்டில் 1 சதவீதம். குறைந்தது 1,000 ரூபாய்.

உங்களுக்குச் சிக்கல் காலவரம்பில்தான். வழக்குமூலம், அதாவது வழக்குத் தொடுக்கக் காரணமான பாதிப்பு, முதலில் எழுந்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் மனு வர வேண்டும் என்கிறது 15-ஆவது பிரிவு. போதிய காரணம் காட்டினால் மேலும் 60 நாள். அப்பா கலெக்டருக்குக் கொடுத்த பழைய மனுக்கள் இருந்தால், எதிர்த்தரப்பு அவற்றைத்தான் முதலில் தூக்கும். அதற்காக மறைக்காதீர்கள். ஒவ்வொரு மழைக்கும் கசிவதால் இது தொடரும் கேடு என்று வாதிட இடமுண்டு. ஆனால் பழைய பயிரிழப்புக்கு அந்த வாதம் அவ்வளவாக நிற்காது. எனவே குவியலை அகற்றுவது, நிலத்தடி நீரைச் சுத்தம் செய்வது, அதுவரை குடிநீர் தருவது ஆகியவற்றை முதலில் கேளுங்கள்; பணம் அடுத்து.

ஆலையை மூடினால் பொறுப்பு தீர்ந்துவிடாது. உதய்ப்பூர் அருகே பிச்ரி கிராமத்தில் எச்-ஆசிட் என்ற சாய மூலப்பொருளின் கழிவு கிணறுகளைக் கெடுத்த வழக்கில், மாசு செய்தவரே சீரமைப்புச் செலவை ஏற்க வேண்டும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இழுத்தடித்ததற்காக 2011-இல் 37.385 கோடி ரூபாயை 12 சதவீதக் கூட்டு வட்டியோடு கட்டச் சொன்னது.

இனி தண்ணீர். வழக்கு தோற்பது பெரும்பாலும் இங்கேதான். என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்திலிருந்தே பாட்டில் வாங்குங்கள். குரோமேட் கழிவில் உள்ள உலோகம் குரோமியம். மொத்த குரோமியத்துக்கான பாட்டிலில் நைட்ரிக் அமிலம் இருக்கும். தண்ணீரை மஞ்சளாக்கும் அதன் நச்சு வடிவமான ஆறு இணைதிறன் குரோமியத்துக்கான பாட்டிலில் அமிலம் கூடாது. ஐஸ் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர்க்க வேண்டும். பழைய வாட்டர் பாட்டிலில் பிடித்து இரண்டு நாள் கழித்துக் கொடுத்தால், ஆறு இணைதிறன் குரோமியம் மூன்று இணைதிறனாக மாறி, ‘கண்டறியப்படவில்லை’ என்று அறிக்கை வரும். பிறகு அந்தத் தாள் எதிர்த்தரப்பின் ஆவணம்! குடிநீரில் மொத்த குரோமியத்துக்கு ஐஎஸ் 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரநிலை தரும் வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். கோடையில் ஒன்று, மழைக்குப் பின் ஒன்று என எடுங்கள்.

கூடவே 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஆர்டிஐ மனு போடுங்கள். அந்தப் பகுதியின் நிலத்தடி நீர் ஆய்வு முடிவுகள், ஆலைக்குக் கொடுத்த இசைவாணைகள், சீரமைப்புத் திட்ட அறிக்கை என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். ‘எல்லா விவரமும்’ என்று எழுதினால் ஒன்றும் வராது.

கம்பெனி இப்போது என்ன நிலையில் இருக்கிறது என்று கம்பெனி விவகார அமைச்சக இணையதளத்தில் பாருங்கள். பதிவிலிருந்து நீக்கப்பட்டிருந்தாலும் இயக்குநர்களின் பொறுப்பு தொடரும் (கம்பெனிகள் சட்டம், 2013, பிரிவு 248). திவால் நடவடிக்கையில் இருந்தால் கம்பெனிமீது வழக்குப் போடத் தடை உண்டு. உங்கள் கோரிக்கையைத் தீர்வு அல்லது கலைப்பு அதிகாரியிடம் உரிய கெடுவுக்குள் கொடுக்க வேண்டும்.

தரகர் பேச்சைக் கேட்காதீர்கள். உங்களுக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரணக் கவனத்தில் கண்டுபிடிக்க முடியாத குறையைச் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் அது மோசடி என்கிறது சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு. கோடையில் தெளிவாக இருக்கும் கிணறு அப்படிப்பட்ட குறைதான். ஆய்வறிக்கையின் நகலைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கிரயப் பத்திரத்திலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள்.